மெயினை அணைத்தாலும் பேனல் அணையாது: சோலார் கேள்வி-பதில்

கேள்வி: மாடியில் ஒரு பேனல் கனெக்டர் லூசாக இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நானே கழற்றி மாட்டிவிடலாமா?

பதில்: கூடாது. மெயினை அணைத்தால் நிற்பது வீட்டுக்குள் ஓடும் ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) மட்டும்தான். வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வயரில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். மேகமூட்டமாக இருந்தாலும் கரன்ட்தான் குறையுமே தவிர, வோல்டேஜ் பெரிதாகக் குறையாது. வீடுகளில் மாட்டும் பேனல் ஒன்றுக்குச் சுமார் 40, 50 வோல்ட் என்றால், பத்தைத் தொடராகக் கோத்தால் 400, 500 வோல்ட். ஆளைக் கொல்ல அது தாராளம்.

கனெக்டரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், சுவிட்சில் எழும் பொறி தானாக அறுந்துவிடும். பேனலிலிருந்து வருவது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம்; அதற்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. கரன்ட் ஓடும்போது கனெக்டரை இழுத்தால், இரண்டு முனைக்கும் நடுவே நெருப்பு நின்று எரியும். பிளாஸ்டிக் உருகும், கையும் வேகும்.

தெரிந்த டெக்னீஷியன் முதலில் ஏ.சி. பக்கத்தை அணைப்பார், அடுத்து பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் டி.சி. ஐசோலேட்டர் சுவிட்சை. வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரன்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கனெக்டரில் கை வைப்பார். அவரிடம் ஒன்று கேளுங்கள்: ஆண், பெண் முனை இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே மாடலா? வேறு கம்பெனியுடையது ‘டக்’கென்று பொருந்தும். ஆனால் உள்ளே தொடுபகுதி சரியாகப் பிடிக்காமல் நாளடைவில் சூடேறிக் கருகும். லூசான கனெக்டரை மறுபடி அழுத்திவிட்டுப் போவது வேலையல்ல. இரண்டு முனையையும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் இன்வெர்ட்டரில் ‘ஐசோலேஷன் ஃபால்ட்’ என்று வருகிறது. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். இது தானாகக் குணமாகும் கோளாறு அல்ல, காய்ந்ததும் ஒளிந்துகொள்கிறது. பேனல் வயருக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று, டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கும் முன்பே பார்க்கிறது. எங்கோ வயரின் தோல் உரிந்திருக்கிறது; ஈரம் பட்டதும் ஃபிரேமுக்குக் கசிகிறது. கிளிப் அறுந்து தளத்தில் கிடக்கும் கனெக்டர், ஃபிரேம் விளிம்பில் உரசும் வயர், தண்ணீர் தேங்கிய பைப், எலி கடித்த இடம்: இவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு இடத்தில் மட்டும் கசிந்தால் பெரும்பாலும் இன்வெர்ட்டர் எச்சரிப்பதோடு போய்விடும். இரண்டாவது இடத்திலும் கசிந்தால் ஃபிரேம் வழியாகவே சர்க்யூட் முழுமையாகிவிடும். அங்கேதான் தீ பிடிக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டாதீர்கள். சரிபார்க்கும் வரை ஃபிரேமையும் ஸ்டாண்டையும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

கேள்வி: பேனலை எப்போது, எப்படிக் கழுவுவது?

பதில்: விடியற்காலையில், கண்ணாடி சூடாகும் முன். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட வாய்ப்புண்டு. வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பாத்திரம் தேய்க்கும் நார், சபீனா வகைப் பொடி, பிரஷர் வாஷர் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர் என்றால் ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கும். பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணாடி தாங்கினாலும் உள்ளிருக்கும் செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சரிவான கூரையில் ஏறுபவர் பாதுகாப்பு பெல்ட் போட்டே ஆக வேண்டும். ஷாக்குக்குப் பயப்படுகிறவர்கள்கூட வழுக்கி விழுவதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நல்ல வெயில், ஆனால் கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. பேட்டரி இல்லாத, லைனோடு இணைந்த இன்வெர்ட்டர் அப்படித்தான் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஷாக் போகும். இதை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: டி.சி. பெட்டியில் பிரேக்கர் போய்விட்டது. வீட்டில் இருக்கும் சாதாரண எம்.சி.பி. பிரேக்கரைத் தற்காலிகமாகப் போடலாமா?

பதில்: ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். ஏ.சி.க்கான எம்.சி.பி.யால் அந்த வோல்டேஜில் டி.சி. பொறியை அணைக்க முடியாது; பெட்டியோடு எரியும். டி.சி. பிரேக்கரிலும் சில வகைகளில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் இதே கதிதான். புதிது வரும்வரை சிஸ்டம் நிற்கட்டும்.

கேள்வி: பந்து பட்டு ஒரு பேனலில் கண்ணாடி விரிசல். உற்பத்தி குறையவில்லை. டேப் ஒட்டிச் சமாளிக்கலாமா?

பதில்: டேப் வெயிலில் காய்ந்து உரிந்துவிடும். விரிசல் வழியாக ஈரம் இறங்கி, இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே கசிவு தொடங்கும். பேனலை மாற்றுங்கள். புதியதன் வாட்டை மட்டும் பார்த்து வாங்காமல், அதன் கரன்ட் அளவு மற்ற பேனல்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தொடரில் ஒன்று குறைந்தால் மற்றவையும் அதற்கேற்ப இறங்கும். மாற்றும்வரை, குறிப்பாக மழையில், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.