முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டால், பழையபடி வேலைக்குப் போக முடியுமா?

தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்த தம்பி மறுபடியும் மாந்தோப்பு வேலைக்குப் போவானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் நடந்துவிடுகிறார்கள், ஆனால் நாள் பிடிக்கும். அந்த எலும்பின் முன்பக்கம் சதையே கிடையாது, வெறும் தோல்தான். அதனால் சீழ் பிடிக்கும் பயம் அதிகம், எலும்பு சேரவும் 6 மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட இழுக்கும். வெளியே கம்பி மாட்டியிருந்தால், அது தோலில் நுழையும் இடத்தைப் பாருங்கள்: சிவந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். புத்தூர் கட்டு இதற்கு வேண்டவே வேண்டாம். ராகிக் களி தாராளமாகக் கொடுங்கள், கூடவே முட்டை, பருப்பு. பீடி பிடிப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். புகை எலும்பு சேர்வதையே தள்ளிப்போடும். அப்புறம், கணுக்கால் இறுகாமல் இருக்கப் பிசியோதெரபி. குந்தி உட்காருவதும் மரம் ஏறுவதும் கடைசியில்தான் வரும், சிலருக்கு முழுதாக வராது. அதுவரை உட்கார்ந்தபடி காய் தரம் பிரிக்கலாமே.