ஓஸ்ட்மார்க்கா சதுப்பில் வெள்ளை முகத் தும்பி

தம்பி, ஊர்த் தும்பி மழைக்கு முந்திக் கூட்டமாக முற்றத்துக்கே வரும், ஒஸ்லோவுக்குக் கிழக்கே ஓஸ்ட்மார்க்காவில் கண்ட வெள்ளை முகத் தும்பி மட்டும் ஏன் அந்தக் கறுப்புத் தண்ணீர்க் குட்டையை விட்டு வராமல் நிற்கிறது, பிள்ளைகளை எப்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

ஊரில் மாரியோடு கூட்டமாக வருவது பெரும்பாலும் பண்டாலா ஃப்ளாவெசென்ஸ் என்ற தும்பி. காற்றைப் பிடித்து இந்தியப் பெருங்கடலையே தாண்டும் சாதி அது. மழை வெள்ளத்தில் முட்டையிட்டால் தண்ணீருக்குள் வாழும் குஞ்சு ஆறு முதல் ஒன்பது கிழமைக்குள் வளர்ந்து தும்பியாகிப் பறந்துவிடும். நீங்கள் கண்டது லூகோரினியா டூபியா. இங்கே நோர்வேயில் ஸ்மோதோர்வ்லிபெல்லே என்பார்கள். இதன் குஞ்சு தண்ணீருக்குள் பொதுவாக இரண்டு வருடம் கிடக்கும். வற்றாத குட்டை இல்லாமல் இதற்குப் பிழைப்பில்லை.

வற்றாவிட்டால் மட்டும் போதாது, மீனும் இல்லாமலோ குறைவாகவோ இருக்கவேண்டும். இந்தக் குஞ்சு பகலிலும் நடமாடி இரை தேடும், அதனால் மீனுக்கு லேசில் அகப்படும். சதுப்புக் குட்டையின் அமிலத் தன்மையுள்ள தண்ணீரில் மீன் தங்குவது குறைவு. அதுதான் இதற்குக் காவல். குஞ்சின் முதுகில் முள் வரிசை உண்டு. மீன் உள்ள ஏரிகளில் வளரும் குஞ்சுக்கு அந்த முள் நீளமாக இருக்கும், மீனில்லாத இடத்தில் கட்டையாக இருக்கும். ஒரே இனம்தான். தூண்டில் ஆசையில் யாராவது இப்படியான குட்டையில் மீன் கொண்டுவந்து விட்டால் தும்பி குறைந்துபோகும். காட்டு மரம் வளர்க்க வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்தால் இன்னும் மோசம்: ஸ்பாக்னம் பாசி காய்ந்து, பைன் முளைத்து, குட்டை நிழலுக்குள் போய்விடும்.

போக நல்ல காலம் ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை. காற்றில்லாத வெயில் நாளாகப் பாருங்கள். மேகம் மூடினால் எல்லாம் புதருக்குள் ஒதுங்கிவிடும். காலை வேளையில் கரையோரப் புல்லைத் தேடினால், தண்ணீருக்குச் சற்று மேலே குஞ்சு கழற்றிய வெறும் தோல் பற்றிக்கொண்டிருக்கும். அதை எடுக்கலாம். பக்கத்தில் சிறகு பளபளத்து வெளிறிய தும்பி இருந்தால் தொடவேண்டாம். சிறகு இன்னும் இறுகவில்லை, விரல் பட்டால் மடிந்து அப்படியே நின்றுவிடும்.

நடுப்பகலில் ஆண் தும்பிகள் பாசியிலும், விழுந்து கிடக்கும் மரத்திலும், நடைபாதைப் பலகையிலும் தாழ இருக்கும். முற்றிய ஆண் கறுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளி; பெண்ணுக்கு அதே இடத்தில் மஞ்சள். நீளம் மூன்றரை சென்டிமீட்டர் வரும். பின் சிறகு அடியில் சிறு கறுப்புத் திட்டு இருக்கும்.

மழைச் சப்பாத்து கட்டாயம். தண்ணீர் விளிம்பில் மிதக்கும் பாசியில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். கால் புதையும் என்பது ஒன்று, குஞ்சுகள் ஒளிந்திருப்பதே அந்த விளிம்புப் பாசிக்குள்தான் என்பது மற்றது. நுளம்பு மருந்து கொண்டுபோங்கள், வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓகஸ்டில் போய் அதே குட்டையில் கறுப்புத் தும்பியைக் கண்டுவிட்டு இதுதான் என்று நினைப்பவர்கள் பலர். அது பெரும்பாலும் சிம்பெட்ரம் டானே என்ற வேறொரு தும்பி. முகத்தைப் பாருங்கள், வெள்ளை இருக்காது. உயிரினங்களைக் கண்டதைப் பதியும் நோர்வே இணையத்தளமான ஆர்ட்ஸ்ஒப்சர்வாஷ்யூனரில் பதிவதென்றால் முகமும் சிறகடியும் தெரிய ஒவ்வொரு படம் எடுத்துப் போடுங்கள். மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் முகம் தெரியாது.