புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் வடிவம் மாறினால் புற்றுநோயில் அதன் பங்கும் மாறுமா?

மாறும்; சில வேளைகளில் நேரெதிராகவே மாறும்.

17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே மரபணுவிலிருந்து, அது ஆர்.என்.ஏ. நகலாகப் படியெடுக்கப்படத் தொடங்கும் இடமும் அந்த ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் விதமும் வேறுபடுவதால், பல நீளங்களில் பி53 உருவாகிறது. 393 அமினோ அமிலங்கள் கொண்ட முழுப் புரதம், நான்கு மூலக்கூறுகளாக இணைந்து டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, பழுதடைந்த செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுது மிகுந்தால் செல்லைத் தன்னழிவுக்கு உட்படுத்துகிறது. முதல் 132 அமினோ அமிலங்கள் இல்லாத டெல்ட்டா 133 வடிவமோ, முழுப் புரதத்துடன் இணைந்து அதன் வேலையைத் தடுக்கக்கூடியது. வால்பகுதி வேறுபட்ட பீட்டா வடிவம், செல் முதுமையடைவதைத் தூண்டிப் பெருக்கத்துக்கு அணை போடுகிறது. ஆகவே, கட்டியை ஆராயும்போது எந்த வடிவம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இவற்றைச் சடுதிமாற்றம் (மரபணுவின் எழுத்துகளில் நேரும் மாற்றம்) அடைந்த பி53உடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 175ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஹிஸ்டிடின் என்ற வேறொன்றாக மாறினால், புரதத்தின் மடிப்பே குலைகிறது. கெட்ட மூலக்கூறு நல்லவற்றோடு சேர்ந்து அவற்றையும் முடக்குகிறது. 1979இல் கண்டறியப்பட்ட பி53, ஏறத்தாழ பத்தாண்டுகள் புற்றுநோயைத் தூண்டும் புரதமாகவே கருதப்பட்டதற்கும், ஆய்வுக்கூடங்களில் அப்போது கையாளப்பட்ட பி53 மரபணுப் பிரதிகள் இத்தகைய சடுதிமாற்றம் கொண்டிருந்ததே காரணம்.