பழைய ஏபிஐ கோப்புகளை ஓப்பன்ஏபிஐ 3.0 க்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் நெல் கொள்வனவுச் செயலியின் ஏபிஐ விவரக் கோப்புகள் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழியை விவரிப்பவை) எல்லாம் ஸ்வாகர் 2.0 என்ற பழைய வடிவில் கிடக்கின்றன. கையால் திருத்தாமல் அதன் அடுத்த பதிப்பான ஓப்பன்ஏபிஐ 3.0 க்கு மாற்றலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: மாற்றலாம். நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் மென்பொருள்) உள்ள கணினியில் என்பிஎம் (அதனோடு வரும் நிறுவல் கருவி) வழியாக ‘ஸ்வாகர்2ஓப்பன்ஏபிஐ’ கருவியை நிறுவுங்கள். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. வன்னியில் சிக்னல் விழுந்தெழும்பும் இடங்களுக்கு இது வசதி.

முதலில் கோப்புகளை கிட்டில் (பழைய பதிப்புகளைக் காக்கும் கருவி) கமிட் செய்து, அதாவது பதிந்துவிடுங்கள். மூலத்தின் மேல் எழுதாமல் வெளியீட்டை வேறு பெயரில் எடுங்கள். சிறு பிழைகளைக் கருவியே திருத்த ‘பேட்ச்’ தெரிவைச் சேர்க்கலாம்.

தரவு வடிவங்களை வரையறுக்கும் ‘டெஃபினிஷன்ஸ்’ பகுதி ‘கம்போனன்ட்ஸ்’ உள்ளே போகும். சர்வர் முகவரியைச் சொல்லும் ஹோஸ்ட், பேஸ்பாத், ஸ்கீம்ஸ் மூன்றும் ‘சர்வர்ஸ்’ என்ற ஒன்றாகும். ஹோஸ்ட் எழுதாத கோப்பென்றால் முகவரியை நீங்களே நிரப்புங்கள்.

சிக்கல் பெரும்பாலும் பாடி பராமீட்டரில்தான், அதாவது கோரிக்கையோடு அனுப்பும் தரவில். 2.0 இல் அதற்குப் பெயர் உண்டு, 3.0 இன் ‘ரிக்வெஸ்ட்பாடி’க்குப் பெயரில்லை. ஆகவே விவரக் கோப்பிலிருந்து ஜெனரேட்டர் கருவி தானாக உருவாக்கும் கிளையன்ட் கோடில் (ஏபிஐயை அழைக்கும் நிரலில்) ‘நெல்விவரம்’ என்றிருந்த ஆர்கியுமென்ட் ‘பாடி’ என்று மாறி, அழைக்கும் இடமெல்லாம் உடையலாம். ‘ஆர்பிநேம்’ தெரிவைக் கொடுத்தால் பழைய பெயர் ஓர் எக்ஸ்டென்ஷனாக (கூடுதல் புலமாக) தங்கும். அதை உங்கள் ஜெனரேட்டர் வாசிக்குமா என்று பாருங்கள்.

டேப் (Tab) பிரிப்பான் கொண்ட பட்டியல் பராமீட்டருக்கு 3.0 இல் இணையே இல்லை. அதைக் காற்புள்ளிக்கு மாற்றுவதே நல்லது. சர்வர் கோடையும் சேர்த்துத்தான். யாமல் (விவரக் கோப்பை எழுதும் ஒரு வடிவம்) கோப்பிலுள்ள குறிப்புரைகளும் தொலையக்கூடும், டிஃப் எடுத்து, அதாவது பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு மீட்டுக்கொள்ளுங்கள்.