நாலே மாதத்தில் அழிந்த ‘பெர்மனன்ட்’ எழுத்து

கேள்வி: தோட்டத்தில் ஐம்பது தொட்டிகள் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பெயர்ச்சீட்டு வாங்கி, ‘பெர்மனன்ட்’ மார்க்கரால் எழுதிச் செருகினேன். நாலே மாதத்தில் எழுத்து போய்விட்டது. எது குடைமிளகாய், எது காரமிளகாய் என்றே தெரியவில்லை. மார்க்கரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? உலோகச் சீட்டு வாங்கலாமா, லேபிள் பிரிண்டர் வாங்கலாமா?

பதில்: முதலில் மார்க்கர் உறையை எடுத்துப் பாருங்கள். ‘வெயிலில் மங்காது’ என்று போட்டிருந்தால் தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம். ‘தண்ணீரில் அழியாது’ என்று மட்டும் இருந்தால் கடைக்காரர் மீது தப்பில்லை. இந்த மார்க்கர்களில் பெரும்பாலும் சாய மைதான் இருக்கும். மழையைத் தாங்கும், வெயிலில் வெளுத்துவிடும்.

அடுத்து, எதையும் வாங்குமுன் வீட்டில் கிடக்கும் பென்சிலை எடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பென்சில் முனை கிராஃபைட், அதாவது கார்பன். வெயில் அதை வெளுக்காது. பழைய சீட்டையே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அழுத்தி எழுதுங்கள். மண்ணுக்குள் போகும் நுனியிலும் பெயரை இன்னொரு முறை எழுதிவிடுங்கள். அங்கே வெயில் படாது. உங்கள் பழைய சீட்டுகளையும் பிடுங்கி நுனியைத் துடைத்துப் பாருங்கள், ஏதாவது எழுத்து மிஞ்சியிருக்கலாம்.

ரோஜா, பழமரம் மாதிரி வருஷக்கணக்கில் நிற்பவற்றுக்கு உலோகச் சீட்டு நல்லது. ஆனால் மெல்லிய அலுமினியமாகப் பார்த்து வாங்குங்கள். அடியில் மடித்த செய்தித்தாளை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகவே பதிந்துவிடும். தடித்த தகட்டில் பேனா பதியாது. மறுபடி மார்க்கரைத்தான் தேட வேண்டும். சீட்டைத் தொங்கவிடும் கம்பியைக் கிளையில் இறுக்கிக் கட்டாதீர்கள், கிளை பருக்கும்போது கழுத்தை நெரித்துவிடும்.

பிரிண்டர்? ஐம்பது தொட்டிக்கு அது வீண்செலவு என்பேன். ஆசையாக இருந்தால், மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய டேப்பில் அச்சிடுவதாக வாங்குங்கள். பில் காகிதம் மாதிரி வெறும் சூட்டால் கறுக்கும் வகை வெளியில் தாங்காது. ஐஸ்கிரீம் குச்சியெல்லாம் நாற்றுக்கு மட்டும் போதும், மண் மட்டத்தில் அழுகிவிடும்.

எந்தச் சீட்டும் ஒருநாள் தொலையும். அதனால் தொட்டியில் எண் போட்டு, ரகம், விதைத்த தேதி, விதை வாங்கிய இடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாற்றை வேறு தொட்டிக்கு மாற்றினால் அன்றைக்கே திருத்த வேண்டும். குழப்பம் தொடங்குவதே அங்கேதான். நோட்டுக்குப் பதில் கைபேசிச் செயலியில் குறிக்க நினைத்து, அதற்குச் சந்தா கட்டுவதானால், விவரங்களை வெளியே எடுத்துச் சேமிக்க வழியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அப்புறம், உங்கள் மிளகாய். காய்த்தால் தானே தெரிந்துவிடும். ஆனால் அவற்றிலிருந்து விதை எடுத்து ‘குடைமிளகாய்’ என்று எழுதி வைத்துவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் பூத்தவை, மகரந்தம் கலந்திருக்கலாம். அடுத்த தலைமுறைக் காய் உறைத்தால் சீட்டைக் குறை சொல்ல முடியாது.