குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதுமா, முழுக்கு எடுக்க வேண்டுமா?

கேட்டவருக்கு வயது 26. குழந்தையாக இருந்தபோது தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். இப்போது போகும் சபையில் அது செல்லாது, உடம்பு முழுதும் தண்ணீருக்குள் அமிழ்ந்து முழுக்கு எடுங்கள் என்கிறார்களாம். எந்த வயது, எந்த முறை சரி என்று கேட்டிருக்கிறார்.

திரும்ப எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இதே கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மாவையும் தங்கச்சியையும் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் வைத்திருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு மூன்று மாதம். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கொடிகாமம் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடித்து, ஐந்தாம் நாள் அழக்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை. அங்கேயே தங்கியிருந்த போதகர் ஒருவரை அம்மா கூப்பிட்டார். அப்பாச்சியின் மூக்குப்பேணி எப்படியோ மூட்டைக்குள் வந்திருந்தது. போதகர் அதில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று தரம் அவள் நெற்றியில் ஊற்றினார். பேணியின் மூக்கால் நூல் போல வந்த தண்ணீர் அவள் காதுக்குள் போகாமல் அம்மா விரலால் அணை கட்டியது எனக்கு இன்னும் ஞாபகம். ஞானத்தாயாக நின்றவர் பக்கத்துப் பாயில் இருந்த, அதற்கு முன் நாங்கள் கண்டேயிராத ஒரு ஆசிரியை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

2019 இல் தங்கச்சி முழுக்கு எடுத்தாள். தோட்டத்துக் கிணற்றடியில், புகையிலைக் கன்றுகளுக்கு இறைக்கிற சீமெந்துத் தொட்டி. மெஷின் போட்டு நிரப்பியிருந்தார்கள். வெள்ளை உடுப்போடு உள்ளே போய் மூச்சுத் திணற எழும்பி அவள் சிரித்த சிரிப்பில் பொய் ஒன்றும் இருக்கவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன் அவளுக்குப் பாடம் எடுத்தவர், குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே இல்லை, தலை நனைந்தது மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப பிள்ளை, கொடிகாமத்தில ஊத்தினது தண்ணி இல்லையோ?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முறை ஒரு கேள்வி, வயது இன்னொரு கேள்வி. நம் ஊரில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறோம்: தெளிப்பு என்றால் குழந்தைக்கு, முழுக்கு என்றால் வளர்ந்தவருக்கு. கிழக்கத்திய ஓர்த்தடொக்ஸ் சபைகள் கைக்குழந்தையையே மூன்று தரம் தண்ணீருக்குள் முக்கி எடுக்கின்றன. 1525 ஜனவரியில் சூரிச்சில் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து முதன்முதலில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டவர்கள் தண்ணீரை ஊற்றித்தான் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் முழுக்கு, ஊற்றுதல் இரண்டையும் ஏற்கிறது. தமிழிலேயே பாருங்கள், "திருமுழுக்கு" என்று சொல்லும் கத்தோலிக்கர் இங்கே தலையில்தான் ஊற்றுகிறார்கள்.

முறையைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. புதிய ஏற்பாட்டில் ஞானஸ்நானத்துக்கு வரும் கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் அமிழ்த்துவதுதான். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழும்புவது என்று ரோமர் 6 சொல்வதைக் கண்ணுக்குக் காட்ட முழுக்கை மிஞ்சிய அடையாளம் இல்லை. ஆனால் அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய 'டிடாக்கே' என்ற பழைய சபை ஒழுங்குநூல், ஓடும் தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கியாறு மட்டுமே உள்ள நம் யாழ்ப்பாணத்தை நினைத்து எழுதியது போலவே இருக்கும்.

வயதுதான் உண்மையில் கடினமான கேள்வி. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று புதிய ஏற்பாட்டில் நேரடியான வசனம் கிடையாது. குழந்தைக்குக் கொடுக்கும் எங்கள் பக்கத்தவர்கள் இதை மழுப்பக் கூடாது. லீதியாள் வீட்டார், பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டார் என்று அப்போஸ்தலர் 16 இல் வருகிறது. அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்களா என்று எழுதவில்லை. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்ற மாற்கு 16:16 இன் வரிசையை முழுக்குக்காரர் காட்டுவார்கள். வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் என்ற பேதுருவின் பிரசங்கத்தையும், குழந்தை பிறந்த எட்டாம் நாளில் செய்யும் விருத்தசேதனத்தோடு ஞானஸ்நானத்தைச் சேர்த்துப் பேசும் கொலோசெயர் 2 ஐயும் நாங்கள் காட்டுவோம். கி.பி. 200 அளவில் தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம் என்று எழுதினார். தள்ளிப்போடச் சொன்னார் என்றால், அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கருத்து வேறுபாடு நம் மண்ணுக்கு வெகு கிட்ட வந்த கதை ஒன்றுண்டு. 1812 இல் அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய முதல் மிஷனரிக் குழுவில் கப்பலேறிய அடோனிராம் ஜட்சன், வழியில் வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு எடுத்து, பிறகு பர்மாவுக்குப் போனார். அதே கப்பலில் வந்த சாமுவேல் நியூவெல் மாறவில்லை. 1813 இல் இலங்கைக்கு வந்தார். 1816 இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஊழியம் தொடங்கியவர்களும் அதே சங்கத்தவர்கள்தான். ஒரே வேதம், ஒரே கப்பல், இரண்டு முடிவு. இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன்.

வளர்ந்தபின் எடுத்தால்தான் உண்மையாக இருக்கும் என்ற வாதம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில், அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே அரச உத்தியோகம். ஆயிரக்கணக்கானோர் பெற்றார்கள். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் ஊர் ஊராக விலகிவிட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வளர்ந்தவர்கள், கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொன்னவர்கள்.

எங்கள் சபைகளிலும் குறை உண்டு. குழந்தையில் பெற்றதைத் தன் வாயால் ஏற்றுக்கொள்ளும் இடம் திடப்படுத்தல். அதைப் பல இடங்களில் சில வகுப்பு, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு படம் என்று முடித்துவிடுகிறோம். தங்கச்சி அந்தத் தொட்டியில் தேடியது, பதினைந்து வயதில் நாங்கள் அவளுக்குக் கொடுக்காமல் விட்டதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞானஸ்நானம் ஒன்றே என்று எபேசியர் 4 சொல்கிறது. அப்போஸ்தலர் 19 இல் திரும்பப் பெற்றவர்கள் முன்பு பெற்றது, இயேசுவுக்கு வழி ஆயத்தம்பண்ண வந்த யோவான் ஸ்நானனின் ஞானஸ்நானம். திரித்துவ நாமத்தில் தண்ணீரால் பெற்ற உங்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் சைவக் குடும்பத்திலிருந்து இப்போதுதான் விசுவாசத்துக்கு வந்தவர் என்றால், போய்ச் சந்தோஷமாக முழுக்கு எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். எங்கள் திருச்சபையிலும் குழந்தைக்கும் இடமுண்டு, விசுவாசித்து வரும் பெரியவருக்கும் இடமுண்டு.

முடிவெடுக்க முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போய், உங்கள் ஞானஸ்நானம் எப்படி நடந்தது என்று அம்மா அப்பாவிடம் கேளுங்கள். யார் தூக்கி வைத்திருந்தார்கள், என்ன ஜெபித்தார்கள், அந்த நேரம் வீடு என்ன நிலையில் இருந்தது என்று விபரமாகக் கேளுங்கள். இடம்பெயர்ந்த இடத்தில் ஞானஸ்நானம் நடந்தது என்ற ஒரு வரிதான் தங்கச்சிக்குத் தெரிந்திருந்தது. சாகக் கிடந்த கதையை அம்மா முழுதாகச் சொன்னது, அவள் தொட்டியில் இறங்கி இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் பின்னேரம். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அந்த ரீச்சர் இப்ப எங்கயம்மா?" என்றாள். அம்மாவுக்குத் தெரியாது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.