விசா வேண்டாத தீவுக்குப் போக எதற்கு விசா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். மகன் கேட்டரிங் படித்தவன், நான்கு வருடமாக ஓட்டலில் சமையல் வேலை. கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்ட், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் என்ற தீவில் நார்வே கம்பெனியின் நிலக்கரிச் சுரங்க கேன்டீனில் வேலை, மாதம் இரண்டரை லட்சம் சம்பளம் என்கிறார். "1920 ஒப்பந்தப்படி இந்தியர்களுக்கு விசாவே தேவையில்லை, மூன்று வருடத்தில் நார்வே பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வந்துவிடும்" என்றும் சொல்கிறார். மொத்தம் நாலரை லட்சம். நகையை அடகு வைத்து 1,60,000 கொடுத்துவிட்டோம். அதில் 1 லட்சம் ஜிபே, 60,000 'ஸ்வால்பார்ட் ஒர்க் பர்மிட்' கட்டணமாக ரொக்கம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். மீதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். நம்பலாமா? புகார் கொடுப்பதென்றால் கேரளாவிலா, தமிழ்நாட்டிலா?

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள் அம்மா. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இது ஆபத்து. ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தானது. 1925 ஆகஸ்ட் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்காகவும் தனியாகக் கையெழுத்து விழுந்தது. பாரிஸிலிருந்த பிரிட்டிஷ் தூதர் டெர்பி பிரபு போட்டது. தீவு நார்வேயின் முழு இறையாண்மைக்கு உட்பட்டது என்கிறது முதல் பிரிவு. கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்களுக்கு அங்கே போகவும் தொழில் செய்யவும் சமமான உரிமை உண்டு என்கிறது மூன்றாம் பிரிவு. நார்வேயின் குடியேற்றச் சட்டம் அந்தத் தீவுக்குப் பொருந்தாது. ஆகவே அங்கே தங்கவோ வேலை பார்க்கவோ எந்த நாட்டவருக்கும் விசாவும் வேண்டாம், ஒர்க் பர்மிட்டும் வேண்டாம்.

ஒர்க் பர்மிட்டே இல்லாத இடத்துக்கு ஒர்க் பர்மிட் கட்டணம் 60,000 வாங்கியிருக்கிறார். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான். இல்லாத ஆவணத்துக்குப் பணம் வாங்குவதை 'சேவைக் கட்டணம்' என்று எந்த வக்கீலும் எளிதில் பூசி மெழுக முடியாது. அந்தத் தொகைக்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வார்த்தைகள் வரும் வாட்ஸப் செய்தியோ குரல் பதிவோ இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.

விசா விஷயத்தில் அவர் மறைத்தது இது. தீவுக்கு விசா வேண்டாம், ஆனால் போகும் வழிக்கு வேண்டும். தீவின் முக்கிய ஊரான லாங்யர்பியன் நகருக்கு வழக்கமான விமானங்கள் நார்வேயின் ஓஸ்லோ, ட்ரோம்சோ ஆகிய ஊர்களிலிருந்துதான். இரண்டும் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா செல்லும் பகுதிக்குள் இருப்பவை. ஸ்வால்பார்ட் அந்த எல்லைக்கு வெளியே. இந்தியப் பாஸ்போர்ட்காரர் ஓஸ்லோவில் இறங்கி தீவு விமானம் ஏற ஷெங்கன் விசா கட்டாயம். தீவுக்குப் போவது ஷெங்கனிலிருந்து வெளியேறுவதாகவும், திரும்புவது மறுபடி நுழைவதாகவும் கணக்காவதால் குறைந்தது இரட்டை நுழைவு விசாவாக இருக்க வேண்டும். ஒற்றை நுழைவு விசாவில் போனவர்கள் திரும்பும்போதுதான் சிக்குவார்கள். தீவில் இருக்கும்போது விசா காலாவதியானாலும் அதே கதி. விசாவே இல்லாமல் கிளம்பினால் அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையச் செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசா இல்லாதவரை ஏற்றினால் விமான நிறுவனத்துக்கு அபராதம், அவர்கள் ஏன் ஏற்றப் போகிறார்கள்?

பி.ஆர். கதை முழுப் பொய். ஸ்வால்பார்டில் எத்தனை வருடம் இருந்தாலும் அது நார்வேயில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கணக்கில் சேராது. 2022-க்குப் பிறகு, நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டு குடியிருக்காத வெளிநாட்டவருக்கு அங்குள்ள உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுகூடக் கிடையாது. ஏஜென்ட் சொன்ன 'மூன்று வருடம்' ஒருவேளை இங்கிருந்து பிடித்ததோ என்னவோ!

வேலைக் கடிதம் ஏதும் கொடுத்திருந்தால் அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நார்வே தரப்பு நடத்திவந்த கடைசி நிலக்கரிச் சுரங்கமான 7-ஆம் எண் சுரங்கம் 2025-இல் மூடப்பட்டுவிட்டது. தீவின் இன்னொரு ஊரான பேரன்ட்ஸ்பர்க்கில் தோண்டுவது ரஷ்ய நிறுவனம். அப்படியிருக்க, எந்தச் சுரங்கத்து கேன்டீன்? அடுத்தது, நார்வேயில் பதிவான எந்த நிறுவனத்துக்கும் 9 இலக்கப் பதிவு எண் உண்டு. அந்நாட்டு அரசின் புரோனோய்சுண்ட் பதிவகத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். கடிதத்தில் அந்த எண் இல்லையென்றாலோ, எண் இருந்தும் வேறு பெயர் வந்தாலோ, கடிதம் ஜிமெயிலிலிருந்து வந்திருந்தாலோ, மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

உண்மையான வேலை என்றாவது கிடைத்தால் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளம் அல்ல, வீடு. லாங்யர்பியனில் சுமார் 2,500 பேர்தான். வீடுகளில் பெரும்பகுதி முதலாளிகளின் கையில். வேலை போனால் கூரையும் போகும். 78 டிகிரி வடக்கில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய இருட்டாகவே இருக்கும் ஊரில், அது சின்ன விஷயமில்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வசதியில்லாதவரை வெளியேற்ற அங்குள்ள ஆளுநருக்கு 1995 விதிகளில் அதிகாரம் உண்டு. ஒப்பந்தம் உள்ளே விடும், சோறு போடாது. ஆகவே தங்குமிடம், அதன் வாடகைப் பிடித்தம், திரும்பும் டிக்கெட் யார் செலவு, வேலையிலிருந்து நீக்கினால் எத்தனை நாள் அறிவிப்பு, இவை எழுத்தில் இருக்க வேண்டும். ஊதிய வரி 8 சதவீதம், அதற்கு மேல் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் தனி.

இனி ஏஜென்ட் பக்கம். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. வளைகுடாவுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த நாட்டுக்கும் பொருந்தும். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர் மட்டுமல்ல, முகவரியும் ஒத்துப்போகிறதா, பதிவு செல்லுபடியில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் லைசென்ஸைக் காட்டி 'நாங்கள் அவர்களுடைய கிளை' என்பது பழைய வித்தை. சுவரில் மாட்டியிருக்கும் ஜி.எஸ்.டி. சான்றும் எம்.எஸ்.எம்.இ. (சிறுதொழில்) சான்றும் ஆள் சேர்க்கும் உரிமம் ஆகாது. பதிவு உள்ளவரே ஆனாலும் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. "நான் கன்சல்டன்ட்தான், ஏஜென்ட் இல்லை" என்று சொல்வார். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக விளம்பரம் செய்வதையும் உதவுவதாகச் சொல்வதையும் சட்டம் ஆள் சேர்ப்பாகவே கருதுகிறது.

எங்கே புகார் என்றால், கொழிஞ்சாம்பாறை போலீஸ் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். பணம் உங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது, பொய் வாக்குறுதி உங்கள் போனுக்கு வந்திருக்கிறது. குற்ற விசாரணை முறைக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202-ஆம் பிரிவு அந்த இடத்திலும் வழக்கு நடத்த அனுமதிக்கிறது. "ஆபீஸ் வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போங்கள்" என்று சொன்னால், அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசைவில்லை என்றால் சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. புகாரில் இரண்டு குற்றங்களையும் எழுதுங்கள்: பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) மோசடி, 7 ஆண்டு வரை சிறை, குடிபெயர்வுச் சட்டம் 24-ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை. இரண்டாவதற்கு வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஒரு தடை உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவரோ அவருடைய தாய் தந்தையோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே உங்கள் பெயரிலோ மகன் பெயரிலோ கொடுங்கள். 'ஊர்ப் பொதுமக்கள்' என்று கூட்டாகக் கொடுத்து அந்தச் சலுகையை இழக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டை அவர் வைத்துக்கொள்ள எந்த உரிமையும் இல்லை. 1967 பாஸ்போர்ட் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. முதலில் அதை எழுத்தில் கேளுங்கள். "மீதியைக் கட்டினால்தான் தருவேன்" என்று அவர் வாட்ஸப்பில் பதில் போட்டால், அது உங்களுக்குக் கிடைத்த இன்னொரு சாட்சி.

அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்று கேட்பார்கள். ஜிபே படத்தோடு, பேங்கிலிருந்து முத்திரையிட்ட ஸ்டேட்மென்டும் வாங்கிவிடுங்கள்.

பணம் திரும்ப வர, கிரிமினல் வழக்கைவிட நுகர்வோர் ஆணையம் நேர் வழி என்பது என் கருத்து. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. புகார் போனதும் ஏஜென்ட் சமரசத்துக்கு ஆள் அனுப்புவார். செக் கொடுத்தால் வாங்கலாம். ஆனால் பணம் கணக்கில் ஏறும் வரை 'முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் திரும்பியதற்கான 138-ஆம் பிரிவு வழக்கு. வழக்குப் போடும் அந்தக் கெடு ஒரு நாள் தவறினாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி கோர்ட்டில் மன்றாட வேண்டியிருக்கும்.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறை தீர்க்க மனுக் கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு தருகிறது. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். பணம் கொடுத்த தேதிகளை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று ஏஜென்ட் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே. ஒன்றரைப் பக்கம் போதும்.